22 கிலோ ஆப்பிள்

தோட்டத்து வாயிலில் இருந்த தராசு 22 கிலோ என்று காட்டியபோது, என் மனைவி என்னைப் பார்த்த பார்வையின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. நடுத்தர அளவுள்ள ஓர் ஆப்பிள் ஏறத்தாழ 180 கிராம் இருக்கும். அந்தக் கணக்கின்படி நானும் மனைவியும் அம்மாவும் 11 வயது மகளும் 6 வயது மகனுமாகச் சேர்ந்து இரண்டரை மணி நேரத்தில் 120 பழங்களுக்கு மேல் பறித்திருந்தோம். பறிக்கும்போது ஒவ்வொரு பழமும் ஒரு பழமாகத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து சமையலறைத் தரையில் கொட்டிப் பரப்பிய பிறகுதான் அது ஒரு குவியலாகத் தெரிந்தது. அடுத்த ஆறு வாரங்கள் அந்தக் குவியலோடுதான் எங்கள் வாழ்க்கை நடந்தது.

ஆப்பிள் மரம் என்றால் ஏணி சாத்தி ஏற வேண்டிய உயரத்தில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அங்கே வரிசை வரிசையாக நின்றவையோ என் தலைக்குச் சற்று மேல் வரை மட்டுமே வளர்ந்திருந்தன. கீழ்க்கிளைகளில் இருந்த பழங்கள் மகனின் கைக்கே எட்டின. ஆப்பிள் மரங்களை விதையிலிருந்து வளர்ப்பதில்லை என்பதும், வேண்டிய ரகத்தின் குச்சியை வேறொரு செடியின் வேர்ப்பகுதியில் ஒட்டுக்கட்டியே வளர்க்கிறார்கள் என்பதும், மரத்தின் உயரத்தை அந்த வேர்ச்செடியே தீர்மானிக்கிறது என்பதும் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையம் வகைப்படுத்திய எம்9 என்ற குட்டை வேர்ச்செடி உலகெங்கும் பரவியதால்தான் இன்று குழந்தைகளும் தரையில் நின்றபடி ஆப்பிள் பறிக்க முடிகிறது. விதை போட்டால் என்ன ஆகும் என்று மகள் கேட்டாள். மரம் வரும், ஆனால் அம்மா மரத்தின் பழம் வராது, என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் அவர். அந்தப் பதில் அவள் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

பறிப்பதில் நாங்கள் செய்த முதல் தவறு இழுத்ததுதான். மகன் ஒரு பழத்தைப் பிடித்து வெடுக்கென்று இழுக்க, பழத்தோடு இரண்டு இலைகளும் விரல் நீளமுள்ள ஒரு குறுங்கிளையும் சேர்ந்து வந்தன. பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை, அந்தக் குறுங்கிளையை வாங்கி, அதன் நுனியில் தடித்திருந்த ஒரு மொட்டைக் காட்டினார். அடுத்த ஆண்டு பூக்க வேண்டிய மொட்டு இந்த ஆண்டின் கோடையிலேயே அங்கே உருவாகிவிடுகிறது; ஆகவே குறுங்கிளையை ஒடித்தால் அடுத்த ஆண்டுப் பழத்தையும் சேர்த்தே ஒடித்ததாகும். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, அதன் அடிப்பகுதி மேல்நோக்கி வரும்படி உயர்த்தி, லேசாகத் திருப்ப வேண்டும். முற்றிய பழமாக இருந்தால் காம்போடு தானாகவே கைக்கு வந்துவிடும். வராவிட்டால் அது இன்னும் மரத்தில் இருக்க வேண்டிய பழம் என்று விட்டுவிட வேண்டும். காம்பு பிய்ந்துபோன பழத்தில் அந்தக் குழிவழியே அழுகல் நுழையும் என்பதால் அதை முதலில் சாப்பிட்டுவிடுவது நல்லது. விரல் நுனிகளால் அழுத்திப் பிடிக்கவும் கூடாது. அப்படிப் பிடித்த இடங்களில் மறுநாள் நான்கு பழுப்புப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தபோது, அவை என் விரல்களே என்பதை மறுக்க வழியில்லாமல் போயிற்று.

சிவப்பைப் பார்த்து ஏமாறுவது இரண்டாவது தவறு. மேலே படரும் சிவப்பு பெரும்பாலும் வெயில் தந்த நிறம்; சில ரகங்களில் பழம் முற்றுவதற்கு வாரக்கணக்கில் முன்பே அது வந்துவிடும். சிவப்புக்கு அடியில் இருக்கும் நிறத்தைத்தான் பார்க்க வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள குழியிலும் இலை மறைத்த பகுதியிலும் அது தெரியும். அங்கே பச்சை மாறி இளமஞ்சள் படர்ந்திருந்தால் பழம் தயார். ஐயமாக இருந்தால் ஒன்றைக் குறுக்கே வெட்டி விதைகளைப் பார்க்கலாம். வெள்ளையாக இருந்தால் பிஞ்சு, பழுப்பாக இருந்தால் முற்றல். தோட்டக்காரர்கள் வெட்டிய முகத்தில் அயோடின் கரைசலைத் தடவிப் பார்ப்பார்களாம். மாவுச்சத்து எஞ்சியிருக்கும் இடமெல்லாம் கருநீலமாகும். பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாக மாறி, நடுவிலிருந்து வெளிப்புறமாக அந்தக் கருமை விலகிக்கொண்டே போகும். ஒரே மரத்திலும் எல்லாப் பழங்களும் ஒன்றாக முற்றுவதில்லை. வெளிப்பக்கத்திலும் உச்சியிலும் உள்ளவை முதலிலும், தண்டை ஒட்டி நிழலில் இருப்பவை பிறகும் பழுக்கின்றன. நாங்களோ எட்டிய கிளையை மொட்டையடித்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தோம்.

ஆனால் மிகப் பெரிய தவறு இவை எதுவும் அல்ல. அன்று அந்தத் தோட்டத்தில் மூன்று ரகங்கள் பறிப்புக்குத் திறந்திருந்தன: மெக்கின்டாஷ், காலா, கோல்டன் டெலிஷியஸ். கிரானி ஸ்மித் வரிசைக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள், அது முற்ற இன்னும் பல நாட்கள் இருந்தன. ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் பெயர்ப்பலகை இருந்தது. நாங்கள் பலகையைப் படித்தோம், புகைப்படமும் எடுத்துக்கொண்டோம், பிறகு எல்லாவற்றையும் ஒரே சாக்குகளில் கலந்து கொட்டினோம். மஞ்சள் நிறக் கோல்டன் டெலிஷியஸ் மட்டும் பிறகு அடையாளம் தெரிந்தது. மற்ற இரண்டும் சிவப்பும் பச்சையும் கலந்த ஒரே கூட்டமாகிவிட்டன. ஆப்பிளை வெறுமனே கடித்துத் தின்பவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. அடுப்பில் வைக்கப் போகிறவருக்கு இதுதான் எல்லாம்.

வெளியே போவது பற்றி ஓரிரண்டு சொற்கள் போதும். காலையில் போக வேண்டும். புல் ஈரமாக இருக்கும் என்பதால் மூடிய காலணி வேண்டும். விழுந்து புளித்த பழங்களைக் குளவிகள் மொய்க்கும் என்பதால் குழந்தைகளை மரத்தடியில் விளையாட விடக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு சிறுவர்கள் பறிக்க மாட்டார்கள், எறிவார்கள். எறிந்து பிடித்த பழங்களும் எங்கள் சாக்கில்தான் வந்து சேர்ந்தன.

வீட்டுக்கு வந்த மாலையே பழங்களைத் தரம்பிரித்திருக்க வேண்டும். களைப்பில் இரண்டு நாட்கள் அப்படியே விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் பிரித்தபோது எனக்கும் அம்மாவுக்கும் ஒரு வழக்கே நடந்தது. பூஞ்சை பிடித்த ஒரு பழத்தைக் குப்பையில் போடப் போனேன், அவரோ, "கெட்டதை மட்டும் வெட்டிப் போட்டுட்டு மிச்சத்த வேக வையேன்டா, எதுக்கு முழுசா வீசறே?" என்று தடுத்தார். வீணாக்கக் கூடாது என்ற அவருடைய எண்ணம் நியாயமானதே. ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்ள வேண்டும். அடிபட்டுப் பழுப்பேறிய இடத்தையும், புழு துளைத்த பாதையையும் வெட்டி நீக்கிவிட்டு மீதியைத் தாராளமாகச் சமைக்கலாம். பூஞ்சை பிடித்து அழுகிய பழம் அப்படி அல்ல. நீலப்பச்சைப் பூஞ்சை உண்டாக்கும் பாட்டுலின் என்ற நச்சு, கண்ணுக்குத் தெரியும் அழுகலைத் தாண்டியும் பரவியிருக்கக்கூடும். சமைக்கும் வெப்பத்தில் அது முழுமையாக அழிவதும் இல்லை. அதேபோல் தரையில் விழுந்து கிடக்கும் பழங்களையும் எடுத்துவரக் கூடாது. விலங்குகளின் எச்சம் பட்ட மண்ணிலிருந்து நோய்க்கிருமிகள் அவற்றில் ஒட்டியிருக்கலாம். அம்மா இதைக் கேட்டு ஒப்புக்கொண்டார், ஆனால் குப்பையில் போன பழங்களை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டேதான் இருந்தார்.

மீதியை மூன்றாகப் பிரித்தோம்: அடிபட்டவை அந்த வாரத்துக்கு, காம்பில்லாதவை அடுத்த வாரத்துக்கு, குறையற்றவை சேமிப்புக்கு. சேமிக்கும் பழங்களைக் கழுவக் கூடாது. தோலின் மேலிருக்கும் இயற்கை மெழுகே அவற்றுக்குக் காவல். ஆப்பிள் பறித்த பிறகும் சுவாசித்துக்கொண்டே இருக்கிறது, எத்திலீன் என்ற வாயுவை வெளியிட்டுத் தன்னையும் அருகில் இருப்பவற்றையும் பழுக்கவைக்கிறது. அறை வெப்பத்தில் சில நாட்களிலேயே மாவாகிப்போகும் பழம், 0 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிரில், சிறு துளைகளிட்ட பாலித்தீன் உறையில் ஈரப்பதம் போகாமல் இருந்தால், வாரக்கணக்கில் மொறுமொறுப்பாக இருக்கும். எங்கள் குளிர்பெட்டியில் 7 கிலோவுக்கு மேல் இடமில்லை. மீதி அனைத்தும் என் பொறுப்பாயிற்று, ஏனென்றால் பறிக்கும்போது "இன்னும் ஒரு மரம்" என்று சொன்னவன் நான்தான்.

தமிழில் 'பை' என்று எழுதினால் சாக்குப்பையா, மாவுக்குள் பழத்தை வைத்துச் சுடும் பதார்த்தமா என்ற குழப்பம் வரும். எங்கள் வீட்டில் அந்த வாரம் முழுவதும் "எந்தப் பை?" என்ற கேள்வி ஒலித்துக்கொண்டிருந்தது. பார்வைக்கு மிக அழகாக இருந்த சிவப்புப் பழங்களையே முதல் ஆப்பிள் பைக்குத் தேர்ந்தெடுத்தேன். தோல் சீவி, நறுக்கி, சர்க்கரையும் இலவங்கப்பட்டைத் தூளும் கலந்து, பச்சையாகவே மாவுத்தட்டில் குவித்து, மேலே மூடி, ஓவனில் வைத்தேன். வெளியே எடுத்தபோது பொன்னிறமாக இருந்தது, குழந்தைகள் கைதட்டினார்கள். கத்தியை வைத்ததும் மேல்மூடி உள்ளே இடிந்து விழுந்தது. மூடிக்கும் பழத்துக்கும் இடையே இரண்டு விரல் உயர வெற்றிடம். அதற்கடியில் பழத்துண்டுகள் என்று எதுவும் இல்லை. இனிப்பான ஒரு கூழ் இருந்தது, அதன் கீழே நனைந்து ஊறிய மாவு இருந்தது. கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியால் குடித்தோம் என்று சொன்னால் மிகையாகாது.

இந்தத் தோல்விக்கு மூன்று காரணங்கள் இருந்தன. முதலாவது ரகம். நான் எடுத்தவற்றில் பெரும்பகுதி மெக்கின்டாஷ். 1811-இல் கனடாவின் ஒன்டாரியோவில் ஜான் மெக்கின்டாஷ் என்பவரின் நிலத்தில் தற்செயலாகக் கண்டெடுக்கப்பட்ட இந்த ரகம் பச்சையாகத் தின்ன அருமையானது, வெந்தால் குழைந்துவிடும். வெந்தாலும் துண்டு துண்டாக நிற்பவை கிரானி ஸ்மித், கோல்டன் டெலிஷியஸ் போன்றவை. புளிப்பு மிகுந்த பழமெல்லாம் குழையாமல் நிற்கும் என்று சிலர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். இங்கிலாந்தின் பிராம்லி மிகுந்த புளிப்புள்ளது, அதுவும் நுரைபோலக் குழைவதற்கே பெயர்பெற்றது. இரண்டாவது காரணம் காற்று. ஆப்பிளின் கன அளவில் ஏறத்தாழ கால் பங்கு காற்றுதான். கழுவுவதற்காக வாளியில் போட்ட பழங்கள் மிதந்ததை மகன் அதிசயமாகக் காட்டியபோது இது எனக்கு உறைக்கவில்லை. மேல்மாவு வெந்து கூரையாக இறுகிய பிறகு துண்டுகளிலிருந்து காற்று வெளியேறி அவை அமுங்குவதால் இடையில் வெற்றிடம் உண்டாகிறது. மூன்றாவது காரணம் நீர்; பழத்தின் எடையில் சுமார் 85 விழுக்காடு நீர், சர்க்கரை பட்டதும் அது வெளியே வருகிறது, போக்கிடம் இல்லாமல் அடிமாவில் தேங்குகிறது.

ஆகவே இரண்டாம் முறை பழத்தை மாவுக்குள் வைப்பதற்கு முன்பே சுருங்கவைத்துவிட முடிவு செய்தேன். 23 சென்டிமீட்டர் தட்டுக்கு 1.25 கிலோ கோல்டன் டெலிஷியஸ், அதாவது ஏழு பழங்கள். தோல் சீவியதும் எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் போட்டுவைத்தேன். வெட்டிய முகத்தைக் கறுக்கவைக்கும் நொதியின் வேகத்தை அமிலம் தணிக்கிறது. 7 மில்லிமீட்டர் தடிமனுக்கு நறுக்க வேண்டும். ஒன்று மெல்லியதாகவும் ஒன்று தடித்ததாகவும் இருந்தால் ஒன்று கரையும், ஒன்று நறுக்கென்றிருக்கும். நறுக்கிய துண்டுகளோடு 100 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு தேக்கரண்டி பட்டைத்தூள், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைச் சேர்த்து, கனமான பாத்திரத்தில் மூடி, மிக மெல்லிய தீயில் கால் மணி நேரம் சூடாக்கினேன், கொதிக்கவிடவில்லை. 60 முதல் 70 டிகிரி வரையான வெப்பத்தில் பழத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு நொதி, பழத்தின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் பெக்டின் என்ற பொருளை மாற்றியமைக்கிறது, அப்படி மாறிய பெக்டின் கால்சியத்தோடு பிணைந்து இறுகிக்கொள்கிறது. பிறகு ஓவனின் கடும் வெப்பத்திலும் துண்டுகள் உருக்குலைவதில்லை. மெதுவாகச் சூடாக்கினால் பழம் உறுதியாகும் என்பது கேட்பதற்கு முரணாகத் தோன்றும்; நானும் தட்டில் பார்க்கும் வரை நம்பவில்லை. பாத்திரத்தில் ஊறிய சாற்றை வடிகட்டிப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, இரண்டு மேசைக்கரண்டி சோள மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்துச் சேர்த்துக் கெட்டியாக்கி, துண்டுகளோடு கலந்து முழுவதும் ஆறவிட்டேன். ஆறாமல் மாவுக்குள் வைத்தால் வெண்ணெய் உருகிவிடும், பிறகு மாவு பொரபொரப்பாக வராது.

மாவுக்கு 320 கிராம் மைதா, 225 கிராம் குளிர்ந்த வெண்ணெய், ஒரு தேக்கரண்டி உப்பு, பிடித்தால் சேரும் அளவுக்கு ஐஸ் நீர். வெண்ணெய் பட்டாணி அளவுக் கட்டிகளாக மாவில் எஞ்சியிருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும்; ஓவனில் அக்கட்டிகள் உருகி, அவற்றில் உள்ள நீர் ஆவியாகி மாவை அடுக்கடுக்காகப் பிரிப்பதால்தான் அந்தப் பொரபொரப்பு வருகிறது. மென்மையாகப் பிசைந்து பழகிய என் மனைவியின் கைக்கு இது பெரும் சோதனையாக இருந்தது. மாவு ஒரு மணி நேரம் குளிரில் கிடந்தது. பிறகு 220 டிகிரியில் 20 நிமிடம், 190 டிகிரியில் 40 நிமிடம். நிறத்தைப் பார்த்து வெளியே எடுக்கக் கூடாது; மேல்மூடியில் கீறிவிட்ட பிளவுகள் வழியே சாறு கெட்டியாகக் குமிழியிட வேண்டும், அப்போதுதான் சோள மாவு தன் வேலையை முடித்திருக்கும். அதன்பின் மூன்று மணி நேரம் தொடாமல் வைத்திருக்க வேண்டும், இதுதான் எல்லாவற்றிலும் கடினமான கட்டம். மகன் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தட்டைத் தொட்டுப் பார்த்து வெப்பநிலை அறிவித்துக்கொண்டிருந்தான். வெட்டியபோது துண்டு துண்டாகவே வந்தது. அம்மா முதல் வாய் உண்டுவிட்டு, "இது பைதான்" என்றார்.

குழைந்துபோகும் சிவப்புப் பழங்களுக்கு அவற்றின் இயல்புக்கேற்ற வேலையைக் கொடுத்தோம். 2 கிலோ பழத்தை விதைப்பகுதியை மட்டும் நீக்கி, தோலோடு, 150 மில்லிலிட்டர் நீரில் 25 நிமிடம் வேகவைத்து வடிகட்டினால் இளஞ்சிவப்பு நிறத்தில் ஆப்பிள் சாஸ் கிடைக்கிறது. தோலின் நிறம்தான் அந்தச் சிவப்பு. கேக் செய்யும்போது எண்ணெயில் பாதியைக் குறைத்து அந்த அளவுக்கு இதைச் சேர்த்தால் கேக் மூன்று நாட்கள் ஈரம் குறையாமல் இருக்கிறது. கிரம்பிள் குழந்தைகளின் பொறுப்பு: 150 கிராம் மைதா, 100 கிராம் வெண்ணெய், 80 கிராம் சர்க்கரை, ஒரு கைப்பிடி ஓட்ஸ் ஆகியவற்றைப் பிசிறி, 800 கிராம் பழத்துண்டுகள் மேல் தூவி, 190 டிகிரியில் 40 நிமிடம். இதில் தவறு செய்வது கடினம், தவறினாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். மஞ்சள் பழங்களில் 4 கிலோவை நறுக்கி, எலுமிச்சை நீரில் நனைத்து, தட்டில் தனித்தனியாகப் பரப்பி உறையவைத்த பின், ஒரு பைக்கு வேண்டிய அளவாகக் கட்டி வைத்தோம். உறைந்து இளகிய துண்டு பச்சையாகத் தின்ன உதவாது, அடுப்புக்கு மட்டுமே ஆகும்.

மறு ஆண்டு புறப்படுவதற்கு முந்தைய இரவு மகள் ஒரு தாளில் கணக்கெழுதினாள்: ஆப்பிள் பை இரண்டு, கிரம்பிள் இரண்டு, சாஸ் ஒரு முறை, கேக் ஒன்று, கடித்துத் தின்ன ஆளுக்கு ஐந்து. மொத்தம் 11 கிலோ வந்தது. ரகத்துக்கொரு துணிப்பை, ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்தில் பெயர்ச்சீட்டு. தராசில் 12 கிலோ காட்டியது. அந்த ஒரு கிலோவுக்கு யார் பொறுப்பு என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது எங்கள் குளிர்பெட்டியின் அடித்தட்டில் மூன்று கோல்டன் டெலிஷியஸ் பழங்கள் மிஞ்சியிருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில், மூடி போட்ட ஒரு சிறு டப்பாவில், ஈரக் காகிதத்தில் பொதிந்த ஒன்பது விதைகள் இருக்கின்றன. ஆப்பிள் விதை குளிர்காலம் கடந்துவிட்டது என்று நம்பினால்தான் முளைக்கும், அதற்கு இரண்டு மூன்று மாதம் ஈரமும் குளிரும் வேண்டும் என்று மகள் எங்கோ படித்துவிட்டுத் தானே செய்துவைத்தது. நேற்றுத் திறந்து பார்த்தாள், இரண்டில் வெள்ளை முனை தெரிகிறது. டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில், ரகம் என்று எழுதி, எதிரே இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாள்.